உள்கோட்டில் வெட்டியவள்

சின்னவளுக்குக் கணக்குப் பைத்தியம் பிடித்த கதையை அந்தத் தையல் யூனிட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். பொத்தான் மிஷினில் உட்காருவதால் எல்லோரும் 'பொத்தான்' என்றே கூப்பிடும் அவளுடைய தோழி, அது பிறவிக் கோளாறு என்பாள். இஸ்திரி மேஜையில் நிற்கும் அவள் அம்மா, "வீட்டுல இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தா" என்பாள். சின்னவளைக் கேட்டால் பழியைத் துணிமேல் போட்டுவிடுவாள்.

அவள் வேலை வெட்டுவது. ஓட்டல் சமையல்காரர்கள் போடும் வெள்ளைக் கோட்டு, ஆஸ்பத்திரி ஊழியர்களின் சட்டை, இந்த மாதிரி. நாற்பது அடுக்காக விரித்த துணியின்மேல் அட்டை அச்சுகளை வைத்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, மிஷின் கத்தியை ஓட்ட வேண்டும். முதுகு, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு, காலர், பை என்று எல்லாவற்றையும் துணி வீணாகாமல் நெருக்கி வைப்பதில்தான் வித்தை இருக்கிறது. வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் ஒருநாள் காலரைத் தலைகீழாகத் திருப்பிக் கையின் வளைவுக்குள் செருகிப் பார்த்தாள். ஒரு சாண் துணி மிச்சமானது. நாற்பது அடுக்கிலும் ஒரு சாண்! இன்னும் குறைக்க முடியுமா என்ற கேள்வி அன்றைக்கு அவள் மண்டைக்குள் புகுந்தது. புகுந்தது புகுந்ததுதான், பெட்டி படுக்கையோடு குடியேறிவிட்டது.

இருபத்திரண்டு வயதில் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பொத்தான் ஃபோனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதப் பாருடி. பல்கலைக்கழகத்துல கணக்கு படிக்க நுழைவுத்தேர்வாம். பள்ளிக்கூடத்து மார்க்கெல்லாம் கேக்க மாட்டாங்களாம். பரீட்சை ஒண்ணுதான். மொத்தம் நாப்பது இடம்."

"நாப்பதுதானா?"

"நாப்பது அடுக்கு, ஒரு விரிப்புடி! நீ எத்தனை விரிப்பு பாத்திருக்கே!"

கீழே சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. இருபத்துமூன்று வயது நிறைந்தவர்கள் எழுத முடியாது. அவளுக்கு அந்த வயது நிறைய இன்னும் எட்டு மாதம் பாக்கி. பரீட்சைக்கு ஆறு மாதம். எழுதினால் இந்த ஒரு தடவை, விட்டால் எந்தக் காலத்திலும் இல்லை.

அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவர்கள் யாருமில்லை. அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறார். அக்கா, பெரியவள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். படித்து என்ன ஆகப் போகிறாய் என்று யாராவது கேட்டால் சின்னவள் பேச்சை மாற்றிவிடுவாள். டாக்டர் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கணக்குப் படித்து என்னவாக ஆவது? இது உண்மையான ஆசைதானா, இல்லை பஞ்சுத் தூசியிலிருந்து ஓடுவதற்கு ஒரு சாக்கா என்று தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்தாள். தூசி இல்லாத வேறு வேலையை நினைத்துப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை. பழைய வினாத்தாளை நினைத்தால் மட்டும் கை பரபரத்தது. சரி, ஆசைதான் போலிருக்கிறது என்று விண்ணப்பத்தை அனுப்பினாள்.

பத்து வருஷத்து வினாத்தாள்களைப் பொத்தான் அச்செடுத்துக் கொண்டு வந்தாள். கடைசிப் பக்கத்தில் விடைகள் இருந்தன. வெறும் விடைகள்தான், வழிமுறை எதுவும் இல்லை. படிப்புக்குச் சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். சின்னவள் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் வெட்டு மேஜையில் கிடக்கும் துண்டுத் துணிகளில் சாக்குக்கட்டியால் கணக்குப் போடுவாள். பொத்தான் நேரம் பார்ப்பாள். அவளுக்குக் கணக்கு சுட்டுப்போட்டாலும் வராது. அதனால் கண்டிப்பு மட்டும் அதிகம்.

"மூணு நிமிஷம் ஆச்சு. இன்னும் என்னடி எழுதறே, காதல் கடிதமா?"

"இரு, எக்ஸை எடுத்துட்டு வரேன்."

"அதை எப்பவோ எடுத்திருக்கணும்."

இரண்டு மாதத்தில் யூனிட்டே இந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டது. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின்காரர்கள் தினம் ஒரு கேள்வி எண்ணைச் சொல்லுவார்கள், சின்னவள் அந்தக் கேள்வியைப் போட வேண்டும். சரியாக வந்தால் மேஜையைத் தட்டுவார்கள். தப்பாக வந்தால் இன்னும் பலமாகத் தட்டுவார்கள்.

நிகழ்தகவு சரியாக வந்தது. எண் கணக்கு சரியாக வந்தது. சமன்பாடுகள் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தன. வடிவியல் மட்டும் காலை வாரியது. சூத்திரம் சரி, படிகள் சரி, பெருக்கல் சரி. கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் விடை தப்பு. சதுரம், முக்கோணம், வட்டத்துக்குள் செவ்வகம், எதைத் தொட்டாலும் இதே கதை. மூன்று வாரம் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

பொத்தான் இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "கணக்கு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். உன் விடை எல்லாமே அவங்க விடையைவிடப் பெருசா இருக்கு. கொஞ்சம் லூசா வருது."

"விடை எப்படிடி லூசா வரும்?"

"வருதே! சாப்பிட்டுக்கிட்டே போடறே இல்ல, அதுவும் குண்டாயிடுச்சு."

கண்டுபிடித்தது அம்மா. இஸ்திரி போட்டு முடித்த கட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனவள், மேஜையில் கிடந்த துண்டுத் துணியைப் பார்த்து நின்றாள். அம்மா ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவள். எண்களை உரக்க வாசித்தால்தான் அவளுக்குத் தெளிவு.

"ஒரு சதுரத்தின் பக்கம் பத்து அங்குலம். சரி. ஏன்டி, கேள்வியில பத்துன்னு போட்டிருக்கு, நீ படத்துல பதினொண்ணுன்னு எழுதியிருக்கே?"

"எங்கே?"

"இதோ. இந்தச் செவ்வகத்துல ஆறு இருக்கற இடத்துல ஏழு. இங்கே எட்டுக்கு ஒம்பது."

சின்னவள் துணியைக் குனிந்து பார்த்தாள். சதுரத்துக்கு இரண்டு கோடுகள் இருந்தன. உள்ளே மங்கலாக ஒன்று, வெளியே அரை அங்குலம் தள்ளி அழுத்தமாக ஒன்று. அந்த யூனிட்டின் அட்டை அச்சுகள் எல்லாம் உடம்பு அளவுதான்; தையலுக்கு என்று சுற்றிலும் அரை அங்குலம் விட்டு வெளிக்கோடு போடுவது வெட்டுகிறவளின் பொறுப்பு. உள்கோடு தைக்க, வெளிக்கோடு வெட்ட. நாலு வருஷமாகப் பழகிய கை, துணியில் எந்த வடிவத்தைக் கண்டாலும் தானாக வெளிக்கோடு போட்டிருந்தது. நாலு வருஷமாகப் பழகிய கண், தானாக அந்த வெளிக்கோட்டின் அளவை எடுத்திருந்தது. இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை, ஆக ஒன்று.

"அடிப்பாவி," என்றாள் பொத்தான். "சதுரத்துக்குத் தையல் விட்டிருக்கியேடி!"

பிறகு அங்கே யாரும் வேலை பார்க்கவில்லை. ஓவர்லாக் மிஷின்காரர் ஒருவர் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "வட்டத்துக்குமா விட்டே?" என்று யாரோ கேட்க, சின்னவள் தலையாட்ட, இன்னொரு சுற்றுச் சிரிப்பு. கழுத்தில் இஞ்ச் டேப்போடு சூப்பர்வைசர் மேடம் வந்து நின்றார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லை மேடம். முக்கோணத்தை ஒரு சைஸ் பெருசா தெச்சுட்டா," என்றாள் பொத்தான்.

நோய் தெரிந்துவிட்டது, மருந்துதான் பெரும்பாடாக இருந்தது. துணியை விட்டுக் காகிதத்துக்கு மாறிப் பார்த்தாள். காகிதத்திலும் கை வெளிக்கோடு போட்டது. கடைசியில் பொத்தான் அந்தப் பொறுப்பை ஏற்றாள். சின்னவள் பென்சிலை எடுத்த உடனே காதுக்குள் "உள்கோடு! உள்கோடு!" என்று கத்துவாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அம்மா கத்துவாள். அப்பா வேனைப் பின்னால் எடுக்கும்போதுகூட "உள்கோடு, உள்கோடு" என்று முனகினார், காரணம் என்னவென்று அவருக்கே முழுதாகத் தெரியாது. ஒரு மாதத்தில் பலித்தது. வடிவியல் விடைகள் ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கத்தோடு கச்சிதமாகப் பொருந்தின. சின்னவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது நாற்பத்திரண்டாம் சைஸ் சமையல் கோட்டு நாற்பது வெட்ட வேண்டியிருந்தது. காலையில் ஒரு கோளக் கணக்கு பிடிபட்ட சந்தோஷம் அவளுக்கு. பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அச்சுகளை அடுக்கினாள், கோடு போட்டாள், கத்தியை ஓட்டினாள். கத்தி வெண்ணெயில் போவதுபோல் போனது. வெட்டிய கட்டை எடுத்து ஓரமாக வைத்தவள், மேல் துண்டை அட்டையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

அட்டையும் துணியும் ஒரே அளவு. மயிரிழைகூட வித்தியாசமில்லை.

நாற்பது கோட்டையும் உள்கோட்டில் வெட்டியிருந்தாள்.

பொத்தான் எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நான் ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்துட்டேன் போலிருக்கே" என்றாள்.

சின்னவள் அட்டையைக் கீழே வைத்தாள். வேலை போனால் அம்மாவின் தலையும் சேர்ந்து குனியும். பரீட்சை கிரீட்சை என்று அலைந்தவளுக்கு நன்றாக வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அந்தத் திட்டுக்கு அடியில், யாரும் கேட்காமலே, தலை கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. இரண்டு பக்கத் தையல். ஒவ்வொரு தையலும் இரண்டு துண்டின் ஓரத்தைத் தின்னும். ஆக நாலு ஓரம், ஓரத்துக்கு அரை அங்குலம். மார்புச் சுற்றில் இரண்டு அங்குலம் குறையும். சைஸுக்கும் சைஸுக்கும் நடுவே எவ்வளவு? இரண்டு அங்குலம்!

மேடம் வருவதற்குள் அவளே மேடத்திடம் ஓடினாள்.

"மேடம், நாப்பது கோட்டைக் கெடுத்துட்டேன். ஆனா கெடலை."

"தெளிவா சொல்லும்மா."

"தையலுக்கு விடாம வெட்டிட்டேன். நாப்பத்திரண்டா தெச்சா அது நாப்பதா வரும். அடுத்து நாம வெட்ட வேண்டியது நாப்பதாம் சைஸ்தானே? இதை நாப்பதா வச்சுக்கலாம். நாப்பதுக்கு வச்சிருக்கற துணியில நாப்பத்திரண்டை வெட்டிடறேன்."

மேடம் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார். மார்பை அளந்தார், தோளை அளந்தார், நீளத்தை அளந்தார். "கை?"

"கை ஒத்து வராது மேடம். கை ரொம்ப இறுக்கும். மிச்சம் பிடிச்சு வச்ச துணியில புதுசா வெட்டணும். வெட்டின கையிலேருந்து ரெண்டு சைஸுக்கும் காலரும் பையும் எடுத்துடலாம், அதுக்குச் சரியா போயிடும்."

"நாப்பதுக்கு எடுத்து வச்ச துணி நாப்பத்திரண்டுக்குப் பத்தாதே?"

"காலரும் பையும் அதுல வைக்க வேணாமே மேடம்! ரெண்டு சைஸுக்கும் ஒரே காலர், ஒரே பைதான். அந்த இடத்துல பெரிய முதுகு உக்காந்துடும்."

மேடம் விரித்த துணிமேல் அச்சுகளை அடுக்கச் சொன்னார். அவள் அடுக்கினாள். முதுகைச் சாய்த்து, கையைத் திருப்பி, முன்பக்கத்தை நகர்த்தி, இரண்டு தடவை இடித்துக்கொண்டு, மூன்றாம் தடவை எல்லாம் உள்ளே உட்கார்ந்தது. ஓரத்தில் நாலு விரல் துணி மிச்சம் வேறு. சுற்றி நின்றவர்கள் மேஜையைத் தட்டிய தட்டில் சாக்குத்தூள் பறந்தது. மேடம் அந்த மிச்சத்தையும் இஞ்ச் டேப்பால் அளந்தார்.

"நல்லா இருக்கு," என்றார். "பரீட்சை முடியற வரைக்கும் நீ இந்த மேஜைப் பக்கம் வரக் கூடாது."

"மேடம்!"

"பிசிறு வெட்டப் போ. தப்பா வெட்டினாலும் நூல்தான் போகும்."

பிசிறு வெட்டுவது யூனிட்டில் புதிதாகச் சேர்கிறவர்களின் வேலை. தைத்த சட்டையில் தொங்கும் நூல்களைக் கத்தரிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டாம் நாள் ஒரு விஷயம் புரிந்தது. இந்த வேலைக்குத் தலையே வேண்டாம். நாள் முழுக்கத் தலை காலியாக இருந்தது! கை நூலை வெட்ட, தலைக்குள் கணக்குகள் வரிசை கட்டி நின்றன. இதை மேடம் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று பொத்தானும் அவளும் விவாதித்தார்கள். மேடத்தின் முகத்தைப் பார்த்து அதை ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது.

அப்பாவுக்கும் அவருடைய ஏற்பாடுகள் இருந்தன. பரீட்சை மண்டபம் வரை மூன்று ஞாயிற்றுக்கிழமை வேனை ஓட்டிப் பார்த்தார். முதல் தடவை நாற்பது நிமிஷம். இரண்டாம் தடவை முப்பத்தெட்டு. மூன்றாம் தடவை அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனார், ஆள் எடையால் வித்தியாசம் வருகிறதா என்று பார்க்க.

"நான் என்ன மூட்டையா?" என்றாள் அம்மா.

"நீ வந்தப்போ நாப்பத்திரண்டு ஆச்சு. நான் ஒண்ணும் சொல்லலை."

இவ்வளவு ஒத்திகை பார்த்தும் பரீட்சை நாளன்று மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்பினார். வாசல் கேட்டைத் திறக்கக்கூட யாரும் வந்திருக்கவில்லை. வேனின் முன்சீட்டில் நாலு பேர், அப்பா, அம்மா, சின்னவள், லீவு போட்டுவிட்டு வந்த பொத்தான், ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொத்தானுக்குச் சிரிப்பு வந்தது. அது சின்னவளைத் தொற்றியது. பிறகு அம்மாவை. காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினபோது அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரக்கு இறக்கணுமா?" என்றார் காவலாளி.

"ஆமா," என்றாள் பொத்தான், சின்னவளைக் கீழே தள்ளிவிட்டு. "ஒரே ஒரு உருப்படி. பாத்து இறக்குங்க."

மண்டபத்தில் முன்னூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பலரிடம் பயிற்சி வகுப்பின் பெயர் பொறித்த பைகள் இருந்தன. சின்னவள் தன் கைகளைப் பார்த்தாள். வலது கட்டைவிரலில் கத்தரி அழுத்திய காய்ப்பு. இந்தக் கூட்டத்தில் நான் யார், என்ன தைரியத்தில் இங்கே வந்தேன் என்று நினைத்துக் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். பிறகு வினாத்தாள் வந்தது. முதல் கேள்வியே தெரிந்த கேள்வி. இரண்டாவது, தெரிந்ததின் தம்பி. நேரம் ஓடியதே தெரியவில்லை.

கடைசிக்கு முந்தைய கேள்வி இப்படி இருந்தது: ஒரு வட்டத்தைச் சுற்றி ஏழு முழு எண்கள் எழுத வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் எந்த இரண்டைக் கூட்டினாலும் ஒற்றை எண் வர வேண்டும். இது முடியாது என்று நிரூபிக்கவும்.

அவள் முதலில் எண்களை எழுதிப் பார்த்தாள். ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறித்தான் வர முடியும். ஏழாவது ஒற்றை. சுற்றி வந்தால் அதன் பக்கத்தில் நிற்பது முதல் எண், அதுவும் ஒற்றை. ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டை. அவ்வளவுதான். முதல் எண்ணை இரட்டையாக வைத்தாலும் இதே முட்டுச்சந்துதான். உலகத்தில் எந்த ஏழு எண்ணைக் கொண்டுவந்தாலும் நடக்காது. யாரும் எதையும் முயன்று பார்க்கவே தேவையில்லை.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. உன்னால் முடியாது என்று அவளிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியில் சொன்னார்கள், உறவில் சொன்னார்கள், கண்ணாடி முன்னால் நின்று அவளே சொல்லியிருக்கிறாள். ஒருவர்கூட நிரூபித்ததில்லை. அவளையும் சேர்த்துத்தான்.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள். மூக்கு வழியாக வந்தது. கண்காணிப்பாளர் விரைந்து வந்தார்.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"

"இல்லை சார். முடியாதுன்னு நிரூபிச்சுட்டேன் சார்."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். கடைசிக் கேள்வியை அவளால் பாதிதான் போட முடிந்தது. வெளியே வந்ததும் மூன்று பேரும் ஒரே மூச்சில் "எப்படி?" என்று கேட்டார்கள். சின்னவள், "ஒரு கேள்வி பாதி" என்றாள். அப்பா அதைக் கேட்டுப் பலமாகத் தலையாட்டினார். வீடு வந்து சேரும்வரை, பாதி என்பது நல்லதா கெட்டதா என்று அம்மாவிடம் இரண்டு தடவை விசாரித்தார்.

ஐந்து வாரம் கழித்து முடிவு. காலை பதினொரு மணிக்குப் பட்டியல் வரும் என்றார்கள். யூனிட்டுக்குள் வேலை நேரத்தில் ஃபோன் எடுக்கக் கூடாது. சின்னவள் வெட்டு மேஜைக்குத் திரும்பி வந்திருந்தாள். துணி விரித்தாகிவிட்டது, கோடும் போட்டாகிவிட்டது. பதினொன்றுக்கு எல்லா மிஷினும் ஒன்றுபோல் மெதுவாயின. பதினொன்று ஐந்து.

"மணி பதினொண்ணு ஆச்சே," என்றார் மேடம். "யாரும் பாக்கலையா?"

மொத்த யூனிட்டும் ஃபோனை எடுத்தது. ஆளாளுக்கு ஒரே பக்கத்தைத் திறக்க, ஒருவருக்கும் திறக்கவில்லை. எல்லோரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு மேடம் தன் ஃபோனில் திறந்தார். பெயர்கள் இல்லை, பதிவு எண்கள்தான். சின்னவளின் எண்ணைக் கேட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரலை நகர்த்தினார். பத்து. இருபது. சின்னவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முப்பது தாண்டியது. மேடத்தின் விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. இல்லை போலிருக்கிறது என்று அவள் மனதுக்குள் ஒரு குரல் மெதுவாகக் கதவைச் சாத்தத் தொடங்கியபோது விரல் நின்றது.

"உன் நம்பரை இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள்.

"மறுபடி."

மறுபடி சொன்னாள்.

"முப்பத்தேழு," என்றார் மேடம்.

"முப்பத்தேழாவது நம்பரா மேடம்?"

"முப்பத்தேழாவது இடம்மா. நாப்பதுல."

பொத்தான் போட்ட கூச்சலில் வாசலில் வேனோடு காத்திருந்த அப்பா, விபத்து ஏதோ நடந்துவிட்டதென்று உள்ளே ஓடி வந்தார். வந்தவரை ஓவர்லாக் மிஷின்காரர்கள் தூக்கிவிட்டார்கள். அவர் காற்றில் இருந்தபடியே "என்னாச்சு, என்னாச்சு?" என்று கேட்டார். யாரோ பெரியவளுக்கு ஃபோன் போட்டுச் சத்தத்தை மட்டும் கேட்கவைத்தார்கள். சின்னவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. முப்பத்தேழு, முப்பத்தேழு என்று உள்ளுக்குள் ஒரு மணி அடித்துக்கொண்டிருந்தது. அங்கே போய் மற்ற முப்பத்தொன்பது பேர் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவாள் என்று தெரியாது. தெரியாதது அன்றைக்குக் குறையாகப் படவில்லை. பழக்கத்தில் கை மிஷின் கத்தியின் பக்கம் போனது. மேடம் அதன் வயரைப் பிடுங்கினார்.

"இன்னிக்கு நீ வெட்ட வேணாம். உக்காரு."

"துணி விரிச்சாச்சு மேடம்."

"விரிச்ச துணி எங்கேயும் ஓடாது. உக்காரும்மா."

துணிக்கட்டின்மேல் உட்கார்ந்தாள். அப்போதுதான் எல்லோருடைய மூக்கிலும் ஏதோ ஏறியது.

"என்ன தீயற வாசனை?"

அம்மா கையை உதறிக்கொண்டு திரும்பினாள். பதினொரு வருஷமாக ஒரு துணியைக்கூடக் கருக்காத அம்மா, இஸ்திரிப் பெட்டியைக் கோட்டின்மேல் வைத்தபடியே முப்பத்தேழு என்ற எண்ணை உரக்க, திரும்பத் திரும்ப, சுற்றி நின்ற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். பெட்டியைத் தூக்கினாள். வெள்ளைக் கோட்டின் முதுகில் பழுப்பாக, கச்சிதமாக, பெட்டியின் முழு உருவமும் பதிந்திருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து மேடத்தைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள், வந்தது சிரிப்பு.

மேடம் அந்தக் கோட்டை வாங்கி, கறையை உள்பக்கமாக வைத்து மடித்தார். அவர் உதட்டோரம் துடித்ததைப் பொத்தான் பார்த்ததாக இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

"யாராவது அந்தப் பெட்டியை அணைங்க," என்றார் மேடம். "இன்னிக்கு இந்தக் குடும்பத்துக்கிட்ட எதையும் குடுக்காதீங்க."